நடுவயதினர் சபையில் பாட ஏற்ற ஆங்கிலக் கரோக்கே பாடல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மாணவர் ஒன்றுகூடல், ஓய்வுபெறும் ஆசிரியருக்கான பிரியாவிடை, திருமண வரவேற்பு, தோட்ட உத்தியோகத்தர் குடும்பங்களின் வருட இறுதி விருந்து என்று இலங்கையின் மலையகத்தில் நடைபெறும் பல நிகழ்ச்சிகளில், பதிவுசெய்த இசைக்கு ஏற்பத் திரையில் வரும் வரிகளைப் பார்த்துப் பாடும் கரோக்கே இன்று வழக்கமான ஓர் அங்கமாகிவிட்டது. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் இத்தகைய மாலைகளுக்குப் பாட்டு வரிசை அமைத்துக் கொடுத்து வருபவன் என்ற முறையில், நாற்பதைக் கடந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். தமிழ்ப் பாடலைத் தெரிவு செய்ய அவர்களில் எவருக்கும் என் உதவி தேவைப்படுவதில்லை. ஆங்கிலப் பாடல் என்றதும்தான், நன்றாகப் பாடக்கூடியவர்கள்கூட மைக்கைப் பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரு பாட்டு சபைக்குப் பிடிக்குமா என்று முன்கூட்டியே எப்படி அறிவது?

நீங்கள் பாடிக்கொண்டிருக்கும்போது எதிரே இருப்பவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் சேர்ந்து பாட ஒரு பல்லவியோ, கைதட்ட ஒரு தாளமோ, பதில் சொல்ல ஓர் இடமோ அந்தப் பாட்டில் இருந்தால் அது சபைக்குரிய பாட்டு. அவர்கள் வெறுமனே உட்கார்ந்து உங்கள் குரலை அளந்துகொண்டிருக்க வேண்டிய பாட்டு என்றால், அது எவ்வளவு உயர்ந்த பாட்டாக இருந்தாலும் போட்டி மேடைக்கு உரியதே தவிர விருந்து மண்டபத்துக்கு உரியதன்று. குரல் வளத்தைக் காட்டும் பாட்டைத் தேடிப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாற்றத்துடன் இறங்கி வருகிறார்கள். சபைக்கு ஒரு பங்கு வைத்திருக்கும் பாட்டை எடுத்தவர், சாதாரணக் குரலுடன் பாடினாலும், அடுத்த நாள் கடைத்தெருவில் நான்கு பேரால் நிறுத்தி விசாரிக்கப்படுகிறார். கீழே நான் சொல்லும் எல்லாத் தெரிவுகளும் இந்த ஓர் அளவுகோலிலிருந்து வந்தவையே.

இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டுப் பட்டியல்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சலித்து எடுங்கள். அந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் முதல் வரிசையில் இருப்பது நீல் டயமண்ட் 1969இல் வெளியிட்ட ‘ஸ்வீட் கரோலைன்’. அதன் பல்லவியில் வாத்தியங்கள் மூன்று அடி அடிக்கும் இடத்தில் கூட்டம் குரல் கொடுப்பதும், அடுத்த வரிக்குப் பின் தானாகச் சேர்த்துக்கொண்ட ஒரு பதிலைக் கத்துவதும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விளையாட்டு மைதானங்களில் ஊறிப்போன பழக்கம். நம்மவர்களில் பலருக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆகவே, எங்கே பதில் சொல்ல வேண்டும் என்று தெரியாத சபையின் முன்னால் அந்த இடம் வெற்றிடமாக வந்து போகும். பாடத்தான் வேண்டும் என்றால், உங்கள் நண்பர்கள் நாலைந்து பேரை முன்னதாகவே தயார்செய்து முன்வரிசையில் அமர்த்திவிடுங்கள். இரண்டாவது பல்லவிக்குள் மற்றவர்களும் பிடித்துக்கொள்வார்கள்.

நம் தலைமுறைக்கு உண்மையில் தெரிந்த ஆங்கிலப் பாடல்கள் எவை?

பதினான்கு வயதுக்கும் இருபது வயதுக்கும் இடையில் ஒருவர் கேட்ட பாட்டுத்தான் அவருக்குள் ஆழமாகத் தங்குகிறது என்பது என் அனுபவம். இன்று ஐம்பது வயதில் இருப்பவருக்கு அந்தப் பருவம் ஏறத்தாழ 1990களில் வருகிறது. அறுபதை நெருங்குபவருக்கு 1980களில் வருகிறது. ஆனால் மலையகத்தில் இந்தக் கணக்கோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். நம்மில் பலர் ஆங்கிலப் பாட்டைப் பணம் கொடுத்து வாங்கிக் கேட்டவர்கள் அல்லர். பெற்றோரின் வானொலிப் பெட்டியில் இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவை வழியாகவும், தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் வீட்டுக் கசெட் வழியாகவும், கொன்வென்டில் படித்த அக்காமார் வழியாகவும் கேட்டவர்கள். ஆகவே நமக்கு முந்திய தலைமுறையின் பாடல்களும் நமக்குச் சொந்தமாகிவிட்டன.

ஜிம் ரீவ்ஸ் அதற்கு நல்ல உதாரணம். அவர் 1964இல் விமான விபத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகு பிறந்தவர்கள்கூட இங்கே அவருடைய பாட்டுகளை மனப்பாடமாகச் சொல்வார்கள். 1959இல் வெளிவந்த ‘ஹீல் ஹாவ் டு கோ’ தாழ்ந்த குரலுள்ள ஆண்களுக்கு வரப்பிரசாதம். போனி எம் குழுவின் ‘ரிவர்ஸ் ஆஃப் பபிலோன்’, ‘பிரவுன் கேர்ள் இன் த ரிங்’ ஆகிய இரண்டும் 1978இல் ஒரே இசைத்தட்டின் இரு பக்கங்களாக வந்தவை. இவற்றுக்கு எழுந்து ஆடாத ஒரு சபையை நான் இன்னும் பார்க்கவில்லை. அபாவின் ‘டான்சிங் குயீன்’ 1976ஆம் ஆண்டுப் பாடல். அதைப் பெண்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து பாடுவது நல்லது. ஜோன் டென்வரின் ‘டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்’ 1971இல் வந்தது. மலையையும் ஊர்திரும்பும் வழியையும் பாடும் அந்தப் பாட்டு, கொழும்பில் வேலை செய்துவிட்டுத் தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கினிகத்தேனை வழியாக பஸ்ஸில் ஏறி வருகிறவர்களுக்கு விளக்கம் இல்லாமலே புரிந்துவிடுகிறது. 1990களில் உயர்தரம் படித்தவர்கள் இருக்கும் சபையென்றால் டென்மார்க் நாட்டுக் குழுவான மைக்கேல் லேர்ன்ஸ் டு ரொக்கின் ‘பெயின்ட் மை லவ்’ பாடலைத் துணிந்து எடுக்கலாம். ஐரோப்பாவில் அவர்களை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது வேறு. ஆசியாவில் அவர்களுக்கு இருந்த செல்வாக்கே தனி.

சபையில் பாதிப்பேருக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. அவர்களை வைத்துக்கொண்டு ஆங்கிலப் பாட்டுப் பாடுவது முறையா?

நான் மிகவும் விரும்பிப் பதில் சொல்லும் கேள்வி இது. முறைதான், ஆனால் அவர்களை வெளியே நிறுத்தாத பாட்டாக இருக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது வழி, மெட்டு ஏற்கெனவே தெரிந்த பாட்டை எடுப்பது. டோரிஸ் டே 1956இல் பாடிய ‘கே செரா செரா’வின் மெட்டைத் தழுவித்தான், 1957இல் வெளிவந்த ‘ஆரவல்லி’ திரைப்படத்தில் ‘சின்னப் பெண்ணான போதிலே’ என்ற பாடல் அமைந்தது. ஆங்கிலத்தில் முதல் சரணத்தைத் தொடங்கிய உடனே, பின்வரிசையில் இருக்கும் எழுபது வயது அம்மாவின் முகத்தில் அடையாளம் கண்டுகொண்ட ஒரு வெளிச்சம் வருவதைப் பார்க்கலாம். அவர் தமிழிலும் நீங்கள் ஆங்கிலத்திலும் ஒரே மெட்டைப் பாடலாம். மூன்றடித் தாளத்தில் மெதுவாக ஆடி வரும் பாட்டு என்பதால் எவருக்கும் மூச்சு வாங்காது.

இரண்டாவது வழி, ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் பாட்டை எடுப்பது. கும்மியில் வளர்ந்த நமக்கு இந்த முறையை எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஹாரி பெலஃபொன்டே 1956இல் பாடிப் புகழ்பெறச் செய்த ‘பனானா போட் சோங்’ இந்த வகையில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாட்டு. அது ஜமைக்காவின் வேலைப்பாட்டு. இரவெல்லாம் கப்பலில் வாழைக்குலை ஏற்றிய கூலிகள், விடிந்துவிட்டது, கணக்கெழுதுபவர் வந்து குலைகளை எண்ணிவிட்டால் வீடு திரும்பலாம் என்று பாடுகிறார்கள். இந்தப் பொருளை நான் தலவாக்கலைக்கு அருகில் ஒரு கூட்டத்தில் இரண்டே வாக்கியத்தில் சொன்னேன்: “இது கொழுந்து மடுவத்துப் பாட்டு. கூடைக்குப் பதிலாக வாழைக்குலை, கணக்கப்பிள்ளை மட்டும் அதே கணக்கப்பிள்ளை.” பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதும் மடுவத்தை அறிந்த அவர்களுக்கு அதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கு அதைப் பாடியவர், தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனித்து ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவர். முதல் அழைப்பை அவர் நீட்டி எடுத்தபோது, இடது கையைத் தன்னையறியாமலே தலைக்கு மேல் உயர்த்தி, தொங்கும் தராசின் கொக்கியைப் பிடிப்பதுபோல் வைத்துக்கொண்டார். மூன்றாவது வரியிலேயே பெண்கள் பக்கத்திலிருந்து பதில் வரத் தொடங்கியது. அந்தப் பதில் வரி பாட்டு முழுவதும் மாறாமல் ஒன்றாகவே வருவதால், ஆங்கிலம் தெரியாதவர்களும் ஒலியைக் கேட்டே பிடித்துக்கொண்டார்கள். நிறை போதாமல் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் மட்டும், போட்ட நாட்களை அறிந்தவர்கள் அவர்கள். கணக்கெழுதுபவரைக் கூப்பிடும் அந்த வரிக்கு அவர்கள் கொடுத்த அழுத்தத்தை நான் எந்த ஒலிப்பதிவிலும் கேட்டதில்லை.

இளவயதில் எட்டிய சுரங்கள் இப்போது எட்டவில்லை. என்ன செய்வது?

சுருதியை இறக்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கரோக்கே பிறந்ததே அப்படித்தான். ஜப்பானின் கோபே நகரில் விருந்தகங்களில் வாத்தியம் வாசித்துவந்த இனோவே தைசுகே என்பவர், தம்மால் உடன் செல்ல முடியாத ஒரு பயணத்துக்காக, வாடிக்கையாளர் ஒருவருக்கு அவர் பாடும் போக்குக்கேற்ப இசையை மட்டும் நாடாவில் பதிந்து கொடுத்தார். அந்த யோசனையிலிருந்து 1971இல் நாணயம் போட்டால் இசைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். பாடகர் இசைக்கு ஏற்ப வளைவதைவிட, இசை பாடகருக்கு ஏற்ப வளைவதுதான் இந்தக் கலையின் அடிப்படை.

கரோக்கே இயந்திரங்களிலும் செயலிகளிலும் சுருதியை மாற்றும் பொத்தான் ஒன்று இருக்கும். அதில் ஒரு படி என்பது அரைச் சுரம். நம் பாட்டுக்காரர் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ அரைக் கட்டை. உயரமான குரலில் பாடப்பட்ட பாட்டை நடுவயது ஆண் ஒருவர் எடுக்கும்போது இரண்டு அல்லது மூன்று படி இறக்கினால் பெரும்பாலும் போதும். பெண்களின் குரலும் நாற்பதுகளின் இறுதியிலும் ஐம்பதுகளிலும் சற்றுக் கனத்து இறங்குவது இயல்பு; ஆகவே பெண் பாடகியரின் பாட்டை இரண்டு படி இறக்குவதும், ஜிம் ரீவ்ஸ் போன்ற ஆழமான ஆண்குரலின் பாட்டை நான்கைந்து படி ஏற்றுவதும் சரியாக வரும். யூடியூப்பிலிருந்து இசையை எடுப்பவர்கள், தாழ்ந்த சுருதியில் தனியாக வெளியிடப்பட்ட வடிவங்களைத் தேடிப் பார்க்கலாம்.

சோதிக்கும் முறை எளியது. பாட்டை முதல் வரியிலிருந்து தொடங்கிப் பார்க்காதீர்கள். அதன் மிக உயர்ந்த வரியை முதலில் பாடிப் பாருங்கள். அதைப் புருவம் சுருங்காமல், கழுத்து நரம்பு புடைக்காமல் மூன்று முறை பாட முடிந்தால் அந்தச் சுருதி உங்களுடையது. பலர் தாழ்வான சரணத்தை வீட்டில் முணுமுணுத்துப் பார்த்து, நன்றாக வருகிறது என்று நம்பி மேடையேறி, பல்லவியில் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

எந்தப் பாடல்களைத் தவிர்க்கச் சொல்வீர்கள்?

கடைசியில் திடீரென உயரும் பாடல்களை முதலில் தவிர்க்கச் சொல்வேன். செலின் டியோன் 1997இல் பாடிய ‘மை ஹார்ட் வில் கோ ஒன்’ பாதிவரை எவரையும் அரவணைத்துச் செல்லும். பின்னர் கடைசிப் பல்லவியில் சுருதி நான்கு அரைச் சுரம் மேலே போய்விடும். பொன் ஜோவியின் ‘லிவிங் ஒன் எ ப்ரேயர்’ பாட்டிலும் முடிவில் மூன்று அரைச் சுர ஏற்றம் உண்டு. முதற்பகுதி சுலபமாக இருப்பதே இவற்றின் ஆபத்து. ரைட்டியஸ் பிரதர்ஸின் ‘அன்செயின்ட் மெலடி’ பாட்டில் அந்த உச்ச வரி ஒன்றுதான். ஆனால் சபை அந்த ஒரு வரிக்காகவே காத்திருக்கிறது.

விட்னி ஹூஸ்டன் 1992இல் பாடிய ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ வேறுவிதமாகச் சிக்கவைக்கும். தொடக்கத்தில் வாத்தியமே இல்லை. சுருதியைக் காதில் வாங்காமல் தனிக்குரலில் தொடங்கி, பின்னர் இசை வரும்போது அதனுடன் பொருந்த வேண்டும். அந்தப் பாட்டை மிகவும் விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது, அதை எழுதிய டோலி பார்ட்டனின் 1974ஆம் ஆண்டு வடிவத்தைத் தேடிப் பாடுங்கள் என்பதே. அது அமைதியானது, பேசுவதுபோல் பாடலாம், கண்ணியமாகவும் இருக்கும்.

மூன்றாவது வகை, நீளமானவை. ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ ஆறரை நிமிடம் ஓடும். அதில் கடைசி இரண்டு நிமிடம் கிற்றார் மட்டுமே. அந்த இரண்டு நிமிடமும் பாடகர் மேடையில் என்ன செய்வது? அவ்விடத்தில் இசையை மெல்லத் தணித்து முடித்துவிடும்படி இயந்திரத்தில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ‘ஹே ஜூட்’ அதைவிட நீளம், ஏழு நிமிடத்துக்கு மேல். ஆனால் அதன் பிற்பாதி முழுவதும் சொற்களற்ற ஒரே ராகத்தை எல்லோரும் சேர்ந்து பாடுவது என்பதால் அதை நான் தவிர்க்கச் சொல்வதில்லை.

சொற்களின் பொருளை அறிந்துதான் பாட வேண்டுமா?

கட்டாயம். இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமண வரவேற்புக்கு வரிசை எழுதிக் கொடுத்தபோது, மெட்டு இனிமையாக இருக்கிறதே என்று டொம் ஜோன்ஸின் ‘கிரீன் கிரீன் கிராஸ் ஆஃப் ஹோம்’ பாட்டைச் சேர்த்துவிட்டேன். ஊருக்குத் திரும்பி வருகிற ஒருவன் தாய் தந்தையையும் காதலியையும் காண்பதாகத்தான் அது தொடங்குகிறது. ஆனால் கடைசிப் பகுதியில் அதெல்லாம் கனவு என்றும், அவன் விடிந்ததும் மரண தண்டனைக்குப் போகவிருக்கும் சிறைக்கைதி என்றும் தெரியவருகிறது. மணமகளின் மாமா ஒருவர், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், பாட்டு முடியும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, என்னைத் தனியே அழைத்து, “தம்பி, கலியாண வீட்டில் இதைப் பாடலாமா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது. அதன்பின் ஒரு பாட்டின் கடைசிச் சரணத்தைப் படிக்காமல் நான் எந்த வரிசையிலும் சேர்த்ததில்லை.

இதே காரணத்துக்காகவே டெரி ஜாக்ஸின் ‘சீசன்ஸ் இன் த சன்’ பாட்டைப் பிரியாவிடை விருந்தில் பாட வேண்டாம். அது இறந்துகொண்டிருப்பவர் நண்பரிடமும் தந்தையிடமும் விடைபெறுவது. பொலிஸ் குழுவின் ‘எவ்ரி பிரெத் யூ டேக்’ காதற்பாட்டுப் போல ஒலித்தாலும், பிரிந்துபோன ஒருத்தியின் ஒவ்வோர் அசைவையும் கண்காணிக்கிறவனின் குரல் அது. திருமணத்துக்கு வேண்டுமானால் எல்விஸ் பிரெஸ்லி 1961இல் பாடிய ‘கான்ட் ஹெல்ப் ஃபாலிங் இன் லவ்’ இருக்கிறது. மெதுவானது, குறுகியது, எவரையும் சங்கடப்படுத்தாதது.

சோகப் பாட்டே பாடக்கூடாதா?

பாடலாம். சோகத்துக்கும் அமங்கலத்துக்கும் வேறுபாடு உண்டு. பீட்டர், போல் அன்ட் மேரி குழு 1962இல் பாடிய ‘ஃபைவ் ஹன்ட்ரட் மைல்ஸ்’, ரயிலேறி வீட்டைவிட்டு வெகுதூரம் போய்விட்டவரின் புலம்பல். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில், இங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பதென்று எழுதப்பட்ட பிறகு, உறவினரைத் தலைமன்னாருக்குப் போகும் ரயிலேற்றிவிட்டுத் திரும்பிய குடும்பங்கள் இந்த மலைகளில் ஏராளம். அன்று சிறுபிள்ளைகளாக ரயில் மேடையில் நின்று கையசைத்தவர்கள்தான் இன்றைய நம் நடுவயதினரும் முதியோரும். அவர்கள் நடுவே அந்தப் பாட்டுக்குக் கைதட்டல் உடனே வராது. சற்றுத் தாமதித்துத்தான் வரும். அந்தத் தாமதத்தைத் தோல்வி என்று எண்ணிவிடாதீர்கள்.

துள்ளலாக ஆடப்படும் ‘ரிவர்ஸ் ஆஃப் பபிலோன்’ பாட்டும் உண்மையில் விவிலியத்தின் 137ஆம் திருப்பாடலின் வரிகளை ஆதாரமாகக் கொண்டது. அந்நிய மண்ணில் அமர்ந்து சொந்த ஊரை நினைத்து அழுகிறவர்களின் பாட்டு. அதை முதலில் பாடியவர்கள் ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழுவினர், 1970இல். ஆட்டத்துக்குப் பாடினாலும் அந்த அடிப்பொருளை மனதில் வைத்துப் பாடுகிறவரின் குரலில் ஒரு கனம் இருக்கும். ஒரு மாலையில் இத்தகைய பாட்டு ஒன்று போதும். இரண்டுக்கு மேல் வேண்டாம்.

தமிழ்மொழி மூலம் படித்தவன் நான். உச்சரிப்பைப் பற்றிப் பயமாக இருக்கிறது.

ஆங்கிலேயரைப்போல் ஒலிக்க முயல வேண்டாம். சபை அதை விரும்புவதுமில்லை. தெளிவாக ஒலித்தால் போதும். நமக்குச் சிக்கல் தருவது எழுத்துகளைவிடத் தாளந்தான். தமிழில் ஒவ்வோர் அசைக்கும் அதற்குரிய மாத்திரையைக் கொடுத்துப் பழகியவர்கள் நாம். ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசை நீளும், மற்றவை விழுங்கப்படும். எல்லா அசைகளையும் ஒரே அளவாகப் பாடினால் வரி பின்தங்கி, அடுத்த வரிக்கு மூச்சு இருக்காது. ஆகவே சொற்கள் நெருக்கமில்லாத பாட்டைத் தெரிவு செய்யுங்கள். பென் ஈ. கிங் 1961இல் பாடிய ‘ஸ்டாண்ட் பை மீ’ இதற்கு மிகவும் பொருத்தம்: வரிகள் குறுகியவை, இடைவெளி தாராளம், பின்னணி இசை ஒரே சுற்றாகத் திரும்பத் திரும்ப வருவதால் எங்கே நிற்கிறோம் என்பது மறக்காது. எரிக் கிளாப்டனின் ‘வொன்டர்ஃபுல் டுநைட்’ பாட்டும் அப்படியே நிதானமானது.

வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் பயில்வதில் தவறில்லை. எழுதும்போது அழுத்தம் விழும் அசைகளின் கீழே கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகும்போது கேட்டுப் பார்த்தால் பாட்டு நாக்குக்குப் பழகிவிடும்.

திரையிலுள்ள எழுத்துகள் சரியாகத் தெரிவதில்லை.

வெள்ளெழுத்து வந்தவர்களுக்குச் சுவரில் விழும் பெரிய திரை பெரும்பாலும் சிக்கல் தருவதில்லை. மேசைமேல் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கப்படும் மடிக்கணினிதான் சிக்கல். ஓர் ஆசிரியை, இருபத்தைந்து வருடம் கரும்பலகையில் எழுதியவர், அத்தகைய திரையின் முன் கண்ணாடியைப் போட்டால் சபை மங்கலாகவும், கழற்றினால் வரிகள் மங்கலாகவும் தெரிய, பாட்டு முழுவதும் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டே நின்றதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். திரையை ஆறேழு அடி தள்ளி வைத்து எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, பல்லவியையும் ஒவ்வொரு சரணத்தின் முதல் நான்கு சொற்களையும் மனப்பாடம் செய்துவிடுவது. கண் திரையிலேயே ஒட்டியிருந்தால் சபையைப் பார்க்க முடியாது. பார்க்காதவருடன் சபை சேர்ந்து பாடாது.

கணவன் மனைவியாகச் சேர்ந்து பாடலாமா?

தாராளமாக. ஆனால் ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் ஒரே சுருதி பொருந்துவது அரிது என்பதால், சரணங்களை ஆளுக்கொன்றாகப் பிரித்து, பல்லவியைச் சபையிடம் விட்டுவிடுங்கள்.

குளிருக்கும் மழைக்கும் ஏற்பப் பாட்டை மாற்ற வேண்டுமா?

மாற்றத்தான் வேண்டும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தகரக் கூரை போட்ட மண்டபத்தில் ஜிம் ரீவ்ஸின் மென்மையான பாட்டை எடுத்தால், கூரைமேல் விழும் மழை அதை முழுமையாக விழுங்கிவிடும். அத்தகைய மாலைகளில் தாளம் உரத்த, எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டுகளை முன்னே கொண்டுவாருங்கள். பதுளை, பண்டாரவளையில் இருப்பவர்கள் இதையே வருட இறுதி மழைக்குச் செய்ய வேண்டும்.

நுவரெலியா இரவுகளின் குளிரில் தொண்டை இறுகிக் கிடக்கும். மேடையேறுவதற்குக் கால் மணித்தியாலம் முன்பிருந்து வாய்மூடி முனகிக் குரலைச் சூடாக்குங்கள். இஞ்சி தட்டிப்போட்ட சூடான பிளேன்டீ ஒன்று உதவும், ஐஸ் போட்ட பானம் கெடுக்கும். மது அருந்துகிறவர்கள் தங்கள் பாட்டு முடியும்வரை பொறுத்திருப்பது நல்லது. அது தொண்டையை உலர்த்துவதோடு, தாளத்தில் பின்தங்குவதைத் தமக்கே தெரியாமல் செய்துவிடும்.

வரிசையில் எப்போது பாடுவது நல்லது?

தொடக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த எளிய பாட்டு, சாப்பாட்டுக்கு முன் மெதுவான பாட்டு, சாப்பாட்டுக்குப் பின் ஆட்டப்பாட்டு என்பது பொதுவாகப் பிழைக்காது. முதன்முறை பாடுகிறவரை மிகச் சிறந்த பாடகருக்கு அடுத்ததாக நிறுத்தாதீர்கள். இரவு முற்றியதும் நம் நாட்டில் எந்தச் சபையும் துள்ளலான பைலா ஆட்டப்பாட்டைக் கேட்கும். அது தொடங்கிவிட்டால் எவரையும் திரும்ப நாற்காலியில் உட்காரவைக்க முடியாது. ஆகவே கவனித்துக் கேட்க வேண்டிய ஆங்கிலப் பாட்டு எதுவாக இருந்தாலும் அதற்கு முன்னரே பாடிவிடுங்கள். பெலஃபொன்டேயின் ‘ஜமைக்கா ஃபேர்வெல்’ ஆங்கிலப் பாட்டிலிருந்து பைலாவுக்குக் கைபிடித்து அழைத்துச் செல்லும் பாலமாக நன்றாக அமைவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பாடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் தடைப்பட்டால்?

நம் பக்கத்தில் இது எப்போதும் நிகழக்கூடியது என்பதால், இயந்திரமும் திரையும் இல்லாமல் பாடக்கூடிய ஒரு பாட்டையாவது ஒவ்வொருவரும் முழுமையாக மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும். ‘ஸ்டாண்ட் பை மீ’ விரல் சொடுக்கிலேயே நிற்கும். ‘கே செரா செரா’ கைதட்டலிலேயே நிற்கும். நின்ற இடத்திலேயே, நிறுத்தாமல், சற்றுத் தாழ்ந்த சுருதியில் பல்லவியை மீண்டும் எடுங்கள். ஒலிபெருக்கி இல்லாததால் சபையின் குரல்தான் உங்கள் குரலைவிட உரத்துக் கேட்கும். விளக்கு வந்தபின்னும் அவர்கள் முடிக்கும்வரை இயந்திரத்தைத் தொட வேண்டாமென்று இயக்குபவரிடம் சைகை காட்டுங்கள்.